கிளியர் வராமல் கொடி எழும்பாது

இல்லைத் தம்பி, இது மீன்பிடிக்கிற தடி இல்லை. எல்லாரும் அப்பிடித்தான் கேக்கிறவை. கொடி. ரண்டு கொடி. ஊத்தை படக் கூடாதெண்டு துணி சுத்தி வைச்சிருக்கிறன். பையுக்குள்ளை வெள்ளைக் கோட்டு இருக்கு. நீங்கள் எழும்ப வேண்டாம், இருங்கோ, நான் இஞ்சாலை சரிஞ்சு இருக்கிறன். போனிலை தமிழ் வாசிக்கிறியள் எண்டு கண்டுதான், றெயிலிலை வேறை சீற் இருக்க, இதிலை வந்து இருந்தனான். கோயம்புத்தூரோ? நல்லது. என்ரை தமிழ் விளங்காட்டில் சொல்லுங்கோ, நிப்பாட்டுறன். விடுறதும் நிப்பாட்டுறதும்தான் என்ரை தொழில்.

அருளம்பலம் என்ரை பேர். இலங்கை றெயில்வேயிலை முப்பத்தொரு வருசம் கார்ட். கார்ட் எண்டால் கடை வாசலிலை நிக்கிற காவல்காரர் இல்லை. றெயிலின்ரை கடைசிப் பெட்டியிலை நிண்டு பச்சைக் கொடி காட்டுறவர். முன்னுக்கு இருக்கிற றைவர்தான் றெயிலை ஓட்டுறார் எண்டு சனம் நினைக்குது. கார்ட் கொடி காட்டாமல் அந்தாள் ஒரு அடி நகர்த்தேலாது. அந்தக் கொடியையும் நான் நினைச்ச நேரம் காட்டேலாது. முன்னாலை பாதை வெறுமையா இருக்கெண்டு அங்காலை இருந்து தகவல் வரோணும். லைன் கிளியர் எண்டு சொல்லுறது. முப்பத்தொரு வருசத்திலை ஒரு நாளும், ஒரேயொரு நாளும், கிளியர் வராமல் நான் கொடி காட்டினதில்லை. ஒரு மந்திரி ஏறியிருந்த றெயிலை நாப்பது நிமிசம் மறிச்சு வைச்சிருந்தனான். அதாலைதான் எனக்குப் பதவி உயர்வு வரேல்லை எண்டு என்ரை மனுசி சொல்லுவா. அவவுக்கு றெயில்வேயைப் பற்றி ஒண்டும் தெரியாது.

மகள்தான் எங்களை இஞ்சை மெல்பேணுக்குக் கூப்பிட்டது. வந்து ஒரு மாசத்திலை மனுசிக்குக் கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம், ஆறு சிநேகிதியள், எல்லாம் சரிவந்திட்டுது. எனக்கு ஒண்டும் சரிவரேல்லை. காலமை எழும்பினால் பின்னேரம் மட்டும் வீட்டிலை நான் எங்கை நிண்டாலும் ஆருக்காவது இடைஞ்சல். குசினியிலை நிண்டால் மனுசி அங்காலை போங்கோ எண்டுவா. அங்காலை போனால் மகள் வக்யூம் பிடிக்கிறாள். அதுதான் வீட்டுக்குப் பக்கத்திலை இருந்த திடலைச் சுத்தி நடக்கத் தொடங்கினனான். மல்லகூலா புட்போல் கிளப்பின்ரை திடல்.

இஞ்சத்தைய புட்போல் நீங்கள் நினைக்கிற புட்போல் இல்லைத் தம்பி. பந்து முட்டை மாதிரி. காலாலையும் அடிக்கலாம், கையாலையும் பிடிக்கலாம், இன்னொருத்தன்ரை முதுகிலை ஏறி நிண்டும் பிடிக்கலாம். பொலிஸ் வராது. ரண்டு பக்கமும் நாலு நாலு தூண். நடுவிலை இருக்கிற ரண்டு தூணுக்கும் இடையிலை பந்து போனால் கோல், ஆறு புள்ளி. நடுவாலை போகாமல் ஓரத்தூணுக்கு உள்ளுக்காலை போனால் ஒரு புள்ளி. விளங்குதோ? தவறினவனுக்கும் ஒரு புள்ளி குடுக்கிற நாடு. இதை முதன்முதல் கேட்ட அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்லை. நான் படிச்ச பள்ளிக்கூடத்திலை இந்தச் சட்டம் இருந்திருந்தால் நான் டொக்டர்.

அந்தத் தூணடியிலை வெள்ளைக் கோட்டோடை ஒரு ஆள் நிக்கும். கோல் அம்பயர். கோல் எண்டால் ரண்டு கொடி, ஒரு புள்ளி எண்டால் ஒரு கொடி. எங்கட மாதிரிச் சின்னப் பிரிவிலை அந்த ஆளை ஒவ்வொரு கிளப்பும் தாங்களே கொண்டு வரோணும். ஒரு சனிக்கிழமை மல்லகூலாவின்ரை ஆள் வரேல்லை. கிளப்பின்ரை தலைவி மொரீன் எண்டொரு பொம்பிளை. அறுபத்தாறு வயசு, குரல் றெயில் கூவின மாதிரி. வேலியோரம் நடந்து போன என்னைக் கூப்பிட்டு, ‘உனக்குக் கொடி பிடிக்கத் தெரியுமோ’ எண்டு கேட்டா.

என்னட்டைக் கேட்டா தம்பி. எனக்குக் கொடி பிடிக்கத் தெரியுமோ எண்டு.

கோட்டைப் போட்டுக்கொண்டு போய் நிண்டன். முதல் கோல் போச்சுது. நான் கொடியை எடுக்க, திடலுக்குள்ளை ஓடுற பெரிய அம்பயர் என்னைப் பாத்துக் கையை உசத்தி, ‘ஓல் கிளியர்’ எண்டார். அதுதான் சட்டமாம். அவர் கிளியர் சொன்னாப் பிறகுதான் நான் கொடி காட்டலாமாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சுது. எங்கட லைன் தொண்ணூறாம் ஆண்டு சண்டையோடை நிண்டாப் பிறகு அந்தச் சொல்லை நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. அண்டையிலை இருந்து சனிக்கிழமை எண்டால் என்னைத் தேட ஆக்கள் இருந்தினம். ‘ஆர்லி எங்கை’ எண்டு கேப்பினம். அருளம்பலம் அவையின்ரை வாயிலை ஆர்லி. வாரத்திலை ஆறு நாள் என்னை ஒருத்தரும் தேடுறதில்லை, ஏழாம் நாள் தேடினம். எனக்கு அது போதும்.

இன்னும் ஒன்பது ஸ்ரேசன் இருக்கு, சொல்லி முடிச்சிடுவன்.

நான் சேர்ந்த பிறகு ரண்டு வருசம் மல்லகூலா ஒரு மட்சும் வெல்லேல்லை. ரண்டு வருசம் தோத்தால் அதுக்குப் பேர் தோல்வி. மூண்டாம் வருசமும் தோக்கப் போறதெண்டு முதலே தெரிஞ்சால் அதுக்குப் பேர் ரீபில்டிங். கிளப்பைத் திருப்பிக் கட்டுறது. போன வருசத் தொடக்கத்திலை மொரீன் கூட்டம் வைச்சு அறிவிச்சா, இது ரீபில்டிங் சீசன் எண்டு. எல்லாரும் கை தட்டிச்சினம். அதே கூட்டத்திலை லீக்கின்ரை கடிதத்தையும் வாசிச்சா. இந்தச் சீசனிலை ஒரு மட்ச் வெல்லோணும். ஒண்டு போதும். இல்லாட்டில் மல்லகூலாவை மூடி, பக்கத்து ஊர்ப் போர்ட்லிங் கிளப்போடை சேர்ப்பினம், திடலிலை கார் நிப்பாட்ட இடம் கட்டுவினம். அதுக்கு ஒருத்தரும் கை தட்டேல்லை. மொரீனின்ரை புருசன் கெவ் செத்த பிறகு அவரின்ரை சாம்பலை வடக்குக் கோல் தூணடியிலைதான் தூவினவை. அந்தாளுக்கு மேலை ஆரோ கார் நிப்பாட்டப் போறாங்கள் எண்டு சொல்லேக்கை மொரீன் கடிதத்தைக் கசக்கிப் போட்டா. வடக்குத் தூண் என்ரை தூண், தம்பி. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் கெவ்வுக்கு மேலைதான் நிண்டனான்.

ரீபில்டிங் எண்டால் இஞ்சை ஒரு வழக்கம் இருக்கு. வயசு போன ஆட்டக்காரரை மற்றக் கிளப்புகளுக்குக் குடுத்து, பதிலுக்கு இளம் ஆக்களை மாத்தி எடுக்கிறது. பெரிய கிளப்புகள் செய்யிற வேலை. அதைப் பாத்து மொரீனும் செய்தா. எங்களிட்டை இருந்ததெல்லாம் வயசு போன ஆக்கள்தான். பதினெட்டிலை ஒன்பது பேரைக் குடுத்தம். பதிலுக்கு ஒருத்தரும் ஒரு ஆளையும் தரேல்லை. ஒரு கிளப் மட்டும் ஸ்டீவோவை எடுத்துக்கொண்டு சாண்ட்விச் சுடுற மிசின் ஒண்டு தந்தது. அது ஒரு பக்கம்தான் சுடும். ஸ்டீவோ எங்கட கோல் அடிக்கிற ஆள், நாப்பத்துமூண்டு வயசு, ரண்டு முழங்காலும் ஒப்பிறேசன். மூண்டாம் கிழமை அவனைத் திருப்பி அனுப்பிப் போட்டினம். மிசினைத் திருப்பிக் கேக்கேல்லை, பெரிய மனசு.

மிச்ச இடத்துக்கு ஆள் வேணுமே. தபால்காரர் ஒருத்தர் வந்தார். மொரீனின்ரை மருமக்கள் ரண்டு பேர் வந்தினம். கிளப் கூரை திருத்த வந்த மனுசனை ஏணியிலை இருந்து இறக்கி ஆட விட்டம். கூரை இன்னும் ஒழுகுது.

பதினைஞ்சு மட்ச். பதினைஞ்சும் தோல்வி. அதிலை ஒண்டு ரண்டு புள்ளியாலை. அண்டைக்கு ஸ்டீவோ அடிச்ச பந்து நடுவாலை போச்சுது எண்டு எல்லாரும் துள்ளிச்சினம். எனக்குக் கேட்டது தம்பி, தூணிலை பட்ட சத்தம். டிக் எண்டு. தூணிலை பட்டால் கோல் இல்லை, ஒரு புள்ளிதான். வேறை ஒருத்தருக்கும் கேக்கேல்லை, எதிர்ப்பக்கத்துக்கும் கேக்கேல்லை. நான் ஒரு கொடிதான் உசத்தினன். மட்ச் முடிஞ்சு கிளப்புக்குள்ளை போக, நான் இருந்த மேசையிலை ஒருத்தரும் வந்து இருக்கேல்லை. நேர்மையான ஆளை மரியாதையாத் தனிய விடுறது வெள்ளைக்காரற்றை ஒரு நல்ல பழக்கம்.

இனித்தான் விசயம். பதினாறாவது மட்ச், சீசனின்ரை கடைசி. எங்கட திடல், போர்ட்லிங்கோடை. வெண்டால் கிளப் இருக்கும், தோத்தால் கார் நிப்பாட்டுவினம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஏனெண்டு தெரியாது, அண்டைக்கு எங்கட ஆக்கள் ஆடிச்சினம். கூரைக்காரர் ரண்டு கோல் அடிச்சார். கடைசி நிமிசத்திலை மூண்டு புள்ளி பின்னுக்கு நிக்கிறம். ஸ்டீவோ பந்தைப் பிடிச்சான், பிடிச்ச கையோடை மட்ச் முடியிற சைரன் அடிச்சுது. சைரனுக்கு முதல் பிடிச்சபடியால் ஒரு அடி அடிக்கலாம், அது சட்டம். நேரே என்ரை தூண். நடுவாலை போனால் வெற்றி. ஓரத்தாலை போனால் ஒரு புள்ளி, தோல்வி.

ஸ்டீவோ அடிச்சான். பந்து என்ரை தலைக்கு மேலாலை நடுவாலை நேராப் போச்சுது. தூணிலை படேல்லை, ஒருத்தற்றை கையும் படேல்லை. வடிவான கோல்.

நான் பெரிய அம்பயரைப் பாத்தன். கிளென் எண்டு பேர், கிழமை நாளிலை பாலர் பள்ளிக்கூட ரீச்சர், நல்ல மனுசன். அவர் கையை உசத்தப் போறார். அதுக்கிடையிலை எங்கட சனம் முழுக்க, முப்பத்தொரு பேரும் ஒரு நாயும், வேலி பாய்ஞ்சு திடலுக்குள்ளை வந்து ஸ்டீவோவைக் கட்டிப்பிடிச்சுது. கட்டிப்பிடிச்ச சனம் அப்பிடியே சரிஞ்சு விழுந்தது. விழுந்தது கிளெனுக்கு மேலை. சனத்தை ஒவ்வொண்டாக் கிளப்பி எடுக்க, கடைசியிலை அடியிலை கிளென். தாடை விலகிப் போச்சுது. வாய் திறந்தபடி. ஒரு சொல் வரேல்லை.

அம்புலன்ஸ் வந்து ஏத்திச்சினம். சனம் பாட்டுப் பாடுது. மொரீன் அழுதுகொண்டு வந்து, ‘ஆர்லி, கொடியை உசத்து’ எண்டா.

‘கிளியர் வரேல்லை’ எண்டன்.

பாட்டு நிண்டிட்டுது.

கிளென் அம்புலன்சுக்குள்ளை இருந்து பெருவிரலைக் காட்டினவர் எண்டு கூரைக்காரர் சொன்னார். பெருவிரல் சைகை இல்லை, நான் அதை எடுக்கேலாது. போர்ட்லிங் கப்டன் வந்தான். ‘அண்ணை, அது கோல்தான், நாங்களே பாத்தனாங்கள், உசத்துங்கோ, எங்களுக்கும் வீட்டை போகோணும்’ எண்டான். ‘நானும் பாத்தனான், பாக்கிறது வேறை, கிளியர் வேறை’ எண்டன். மொரீன் லீக்குக்கு ரெலிபோன் எடுத்தா. அவை சொல்லிச்சினம், கோல் அம்பயற்றை கொடிதான் முடிவு, ஆறு மணிக்குப் பதிவை மூடுவம், அதுக்கிடையிலை கொடி எழும்பினால் மல்லகூலா வெற்றி, எழும்பாட்டில் போர்ட்லிங். அப்ப நேரம் நாலு அம்பத்தைஞ்சு.

‘கெவ் உன்ரை காலுக்குக் கீழை கிடக்கிறார். அவரெண்டால் உசத்தியிருப்பார்’ எண்டா மொரீன்.

‘கெவ் அம்பயர் இல்லையே’ எண்டன். நான் மரியாதையாத்தான் சொன்னனான்.

மனுசி வந்தா பிளாஸ்கோடை. ஆரோ மகளுக்கு ரெலிபோனிலை சொல்லியிருக்கினம். தேத்தண்ணியை ஊத்தித் தந்திட்டு, ‘உந்தத் தடியள் ரண்டையும் ஒருக்கால் உசத்திப்போட்டு வாங்கோவன், சோறு ஆறுது’ எண்டா. நாப்பத்துநாலு வருசம் ஒரு றெயில்வே கார்ட்டோடை குடும்பம் நடத்தின பொம்பிளை கதைக்கிற கதையோ இது? ஸ்டீவோ திடல் நடுவிலை குந்தியிருந்து அழுறான். அவனுக்கு முழங்கால் நோ.

கிளியரை எழுத்திலை வாங்கலாம் எண்டு நான்தான் வழி சொன்னனான். எங்கட றெயில்வேயிலை கிளியர் குடுக்கிற மிசின் பழுதாப் போனால் கடதாசியிலை எழுதித் தருவினம், அது செல்லும். மொரீன் காரை எடுத்துக்கொண்டு ஆசுபத்திரிக்குப் பறந்தா. நானும் வரோணும் எண்டு கேட்டவ. நான் எப்பிடிப் போறது? கார்ட் பெட்டியை விட்டிட்டு இறங்கக் கூடாது. அங்காலை தெற்குத் தூணடியிலை போர்ட்லிங்கின்ரை கோல் அம்பயர் ரெஜி நிக்கிறார், எழுபத்தாறு வயசு. நான் கொடி காட்டினால் அவரும் திருப்பிக் காட்டோணும், அது முறை. அவற்றை பேத்திக்கு அஞ்சரைக்குக் கலியாணம். இடைக்கிடை என்னைப் பாத்து ஏதோ கத்தினார், காத்திலை விளங்கேல்லை.

அஞ்சு இருவத்தைஞ்சுக்கு மொரீன் வந்தா. ஆசுபத்திரிச் சாப்பாட்டு அட்டவணையின்ரை பின்பக்கத்திலை ‘ஓல் கிளியர், கிளென்’ எண்டு எழுதியிருக்கு. வாங்கிப் பாத்தன். நேரம் போடேல்லை. திகதியும் இல்லை. நேரமில்லாத கிளியர் செல்லாது தம்பி. அது எந்தக் கோலுக்கெண்டு ஆருக்குத் தெரியும்? போன கிழமையான் கோலா இருந்தால்? நான் அதைச் சொல்ல, மொரீன் கடதாசியைத் திருப்பி வாங்கினா. திரும்பிப் போய்க் காரிலை ஏறினா. பொறுமையான பொம்பிளை, பொறுப்பான தலைவி.

அவ ரண்டாந்தரம் வரேக்கை அஞ்சு அம்பத்திரண்டு. நல்லா இருட்டிப் போச்சுது, கார் லைற்றுகளைத் தூணுக்கு நேரே பிடிச்சினம். கடதாசியிலை நேரம் இருக்கு, நாலு நாப்பத்தொண்டு. திகதி இருக்கு, கையெழுத்து இருக்கு. கீழை இன்னொரு வசனமும் இருந்தது. அது கிளியரோடை சம்பந்தமில்லாதது, என்ரை தாயைப் பற்றினது, நான் கணக்கெடுக்கேல்லை. உரத்து வாசிச்சன், முதல் வசனத்தை மட்டும். கடதாசியை மடிச்சுச் சட்டைப் பையுக்குள்ளை வைச்சன். கோல் எண்டதுக்குச் சைகையா ரண்டு விரலையும் நீட்டிக் காட்டினன். பிறகு ரண்டு கொடியையும் எடுத்து உசத்தினன். இருட்டுக்குள்ளை அங்காலை ரெஜியின்ரை கொடியும் எழும்பிச்சுது. கார்க்காரர் எல்லாம் ஹோர்ன் அடிச்சினம். நான் அழுதனான் தம்பி. கேட்டவைக்கு மழைத்தண்ணி எண்டு சொன்னனான். கிளப் தப்பிட்டுது. சட்டப்படி தப்பிட்டுது, இனி ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கேலாது.

ரெஜி அண்டையோடை கொடியை விட்டிட்டார். வயசு போட்டுது, பாவம்.

பிறகு மார்கழியிலை மொரீன் ரெலிபோன் எடுத்தா. ரீபில்டிங் இன்னும் முடியேல்லையாம். வேறை கிளப்புகளோடை கதைச்சு ஆள் மாத்தினமாம். போர்ட்லிங்குக்குக் கோல் அம்பயர் இல்லையாம், அவை என்னைக் கேக்கினமாம். நான் நம்பேல்லை. ரண்டாந்தரமும் கேட்டன். ஓம், உன்னைத்தான் எண்டா. போன வருசம் ஒன்பது பேரைக் குடுத்து ஒருத்தரையும் ஒருத்தரும் விரும்பேல்லை. என்னைக் கேட்டிருக்கினம். றெயில்வேயிலை முப்பத்தொரு வருசம், என்னை இஞ்சை மாத்தினவை, அங்கை மாத்தினவை, ஒரு ஸ்ரேசனும் எங்களுக்கு அருளம்பலத்தைத் தாங்கோ எண்டு கேட்டதில்லை.

அது மட்டுமில்லை. திடலிலை சுண்ணாம்புக் கோடு போடுற மிசின் மல்லகூலாவிலை ஒண்டு இருந்தது, புதுசு, எல்லாரும் சேர்ந்து வாங்கினது. அதையும் என்னோடை சேர்த்துப் போர்ட்லிங்குக்குக் குடுத்திட்டினம். போர்ட்லிங் பதிலுக்கு ஒண்டும் தரத் தேவையில்லையாம். பொம்பிளைப் பிள்ளையைச் சீதனத்தோடை அனுப்புற மாதிரி அனுப்பிச்சினம் தம்பி, என்ரை மதிப்பு அப்பிடி. மனுசிக்குச் சொன்னன். முதல் சிரிச்சா. பிறகு என்ரை முகத்தைப் பாத்திட்டுச் சிரிப்பை நிப்பாட்டி, ‘உங்களுக்கு என்ன சமைக்க’ எண்டு கேட்டா. ஞாயிறிலை மட்டும் வைக்கிற நண்டு கறியை அந்தப் புதன்கிழமை வைச்சா. சந்தோசத்திலைதான் எண்டு நினைக்கிறன்.

அடுத்தது என்ரை ஸ்ரேசன். இண்டைக்குச் சீசனின்ரை முதல் மட்ச், போர்ட்லிங் திடலிலை. ஆரோடை எண்டு நினைக்கிறியள்? மல்லகூலாவோடை. ஸ்டீவோ இந்த வருசமும் ஆடுறானாம், கூரைக்காரரும் நிக்கிறாராம். வடக்குத் தூணிலை ஆரை விட்டிருக்கினமோ தெரியாது. கெவ்வுக்கு மேலை அவர் கவனமா நிப்பாரோ தெரியாது.

தம்பி, உங்களுக்கு அவசர வேலை ஏதும் இருக்கோ? இல்லாட்டில் என்னோடை இறங்குங்கோவன். ரண்டு மணித்தியாலம்தான். சும்மா வேலியடியிலை நிண்டு பாருங்கோ. கோல் அம்பயர் வாய் திறக்கக் கூடாது, ஒரு பக்கமும் சாயக் கூடாது, அது சட்டம். நான் திறக்க மாட்டன். ஸ்டீவோ பந்தோடை என்ரை தூணுக்கு நேரே வருவான், அப்ப நான் கையைக் கட்டிக்கொண்டு கல்லு மாதிரித்தான் நிக்கோணும்.

நீங்கள் ஒருக்கால் கத்துவியளோ? ‘மல்லகூலா’ எண்டு. ஒருக்கால் போதும். ஆனால் என்னைப் பாக்காமல் கத்துங்கோ.